இடது பக்கம் திரும்பாத வண்டி

“‘இந்த வண்டி இடது பக்கம் திரும்ப மாட்டேங்குது. பழைய வண்டி திரும்புச்சு. அப்டேட்டுங்கிற பேர்ல உள்ள என்னத்தையோ பண்ணி வச்சிருக்கானுங்க.’ ஆத்தூர்ல கிளம்பினதுல இருந்து எங்கப்பா இதையேதான் சொல்லிட்டு வர்றாரு, மிஸ். ஒரு எழுத்து மாத்தாம.”

“நான் என்னமோ அழுத மாதிரி சொல்ற?”

“அழுதுதாம்ப்பா சொன்னீங்க. டீக்கடையில நிறுத்தி, டீ மாஸ்டர்கிட்டயும் சொன்னீங்க.”

“அவர் நியாயமா கேட்டுக்கிட்டாரு. உன்னை மாதிரி இளிக்கலை.”

சொன்னவள் சாருமதி. சொல்லுக்குச் சொந்தக்காரர் அவளுடைய அப்பா குழந்தைவேலு. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வைத்திருக்கிறார். மரவள்ளிக் கிழங்கைத் தவிர உலகத்தில் எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

கேட்டுக்கொண்டிருந்தவர் பெர்னதெத் மிஸ். கேட்டாரா என்பதே சந்தேகம். ஒரு டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் செய்தித்தாளை விரித்து, கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இடம், போர்க்காலத்தில் விமானம் இறங்கப் போட்டு, பிறகு எல்லாரும் மறந்துபோன ஓர் ஓடுதளம். சுற்றிலும் கடலைக்காடு. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டிய மிஸ், இங்கே வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்களிடம் மறப்பதற்கு ஒன்றும் இருக்காதாம்.

குழந்தைவேலு மிஸ்ஸைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தும் நின்றுகொண்டுதான் பேசினார்.

“என்ன வண்டி?” என்றார் மிஸ். தலை நிமிரவில்லை.

“ஆயிரம் சிசிங்க மிஸ். அதே பழைய மாடல்தான், கம்பெனிக்காரன் இப்ப புதுசா அப்டேட் பண்ணி விட்டிருக்கான். மூக்குல ரெண்டு றெக்கை வச்சிருக்கான்.”

“பறக்குதா?”

“பறக்காம இருக்கத்தான் றெக்கையாம்.”

மிஸ் ஒரு கொத்தவரங்காயின் நுனியைக் கிள்ளி எறிந்தார்.

“மேல சொல்லுங்க முதலாளி.”

சொல்லச் சொன்னால் போதும். குழந்தைவேலுவின் அபிப்பிராயங்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவே காத்திருக்கிறது. காத்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

“கிளட்ச் பிடிக்காமலே கியர் மாறுது. அது நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. பிரேக் பிடிச்சா கட்டிப்போட்ட மாதிரி நிக்குது. ஆனா சத்தத்தைக் குறைச்சுட்டான் மிஸ். முன்னாடியெல்லாம் நான் வர்றது தெருமுனையிலயே மில்லுக்குத் தெரிஞ்சுரும். இப்ப கேட்டுக்குள்ள வந்து நின்னாலும் ஒருத்தன் எந்திரிக்கறதில்லை. சீட்டு பலகை. தொடைக்குக் கீழ அடிக்கிற சூட்டுல மாவு ஊத்தி வச்சா இட்லி வெந்துரும்.”

“வேகுமா?” என்று சாருமதியைப் பார்த்தார் மிஸ்.

“எங்கம்மா முயற்சி பண்ணலை மிஸ்.”

“இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம்” என்றார் குழந்தைவேலு. குரல் இறங்கியது. “உள்ள ஒரு கம்ப்யூட்டர் உக்காந்திருக்குங்க. நான் எவ்வளவு முறுக்கறேன்னு பார்க்குது. எவ்வளவு சாயறேன்னு பார்க்குது. பார்த்துட்டு, ‘இந்த ஆளுக்கு இவ்வளவு போதும்’னு அதுவா முடிவு பண்ணுது. என்னை நம்பாத வண்டியை நான் எப்படிங்க நம்பறது?”

“நீங்க யாரைத்தான் நம்பறீங்க?”

“அது வேற விஷயம்ங்க.”

“அதே விஷயந்தான் மிஸ்” என்றாள் சாருமதி. “வீட்டுல மிக்ஸி ஓடலைன்னா முதல்ல அம்மாவைச் சந்தேகப்படுவாரு. அப்புறம் மிக்ஸியை. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்களை. பிளக் போட்டிருக்கான்னு கடைசி வரைக்கும் பார்க்க மாட்டாரு.”

“நீ சும்மா இரு கண்ணு.”

மிஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

“இப்ப என்ன வேணும் உங்களுக்கு?”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

விஷயம் இதுதான். மாதம் ஒருமுறை அவர்கள் குழு கொல்லிமலை ஏறும். எல்லாருக்கும் முன்னால் குழந்தைவேலு. அவருக்கு அடுத்தவள் சாருமதி, அப்பா அவளுக்குத் தீபாவளிக்குக் கொடுத்த பழைய வண்டியில். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். முன்னால் போகிறவரின் சக்கரம் எந்தத் தடத்தில் போகிறதோ, அதே தடத்தில் பின்னால் வருகிறவர் போக வேண்டும். அது அந்தக் குழுவின் சட்டம். யோசிக்கக் கூடாது, பின்தொடர வேண்டும்.

போன மாதம் ஓர் இடது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கியது. குழந்தைவேலு போய்விட்டார். சாருமதிக்கு முன்னால் பஸ் கிறீச்சிட்டு நின்றது. அவளுடைய வண்டிக் கண்ணாடி பஸ்ஸின் பம்பரில் உரசிக்கொண்டு போனது.

அன்று மாலையே குழு கூடிப் பேசிவிட்டது. பெர்னதெத் மிஸ் பார்த்துச் சரி என்றால் குழந்தைவேலு முன்னால் போகலாம். இல்லையென்றால் வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கடைசி.

“கடைசின்னா என்ன தெரியுங்களா மிஸ்? கல்யாண ஊர்வலத்துல பின்னாடி ஜெனரேட்டர் வண்டி வரும் பாருங்க. அந்த மாதிரி.”

“ஜெனரேட்டர் இல்லாம லைட் எரியாதே.”

“அதை யாருங்க பார்க்கறாங்க?”

மிஸ் நறுக்கிய காயை ஓரமாக ஒதுக்கினார்.

“பஸ்காரன் மலையில அப்படி வரலாமா? வண்டி இப்படித் திரும்பாம அடம் பிடிக்கலாமா? ‘வண்டியிலதான் தப்பு’ன்னு நீங்க ஒரு வார்த்தை க்ரூப்புக்குச் சொல்லிட்டாப் போதும். வண்டியை மாத்திட்டு நான் பழையபடி முன்னாடி போயிருவேன்.”

மிஸ் எழுந்தார். கொட்டகைக்குள் போய் ஒரு வாளியில் சுண்ணாம்புத் தூள் எடுத்துவந்தார். ஓடுதளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய வட்டங்கள் போட்டார். கோடு சாவகாசமாக வந்தது. குழந்தைவேலு வெயிலில் நின்றார்.

“வலது வட்டம்” என்றார் மிஸ்.

குழந்தைவேலு போனார்.

பார்க்க நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொந்தியும் ஹெல்மெட்டுமாக இருந்த மனிதர் சாய்ந்து, இன்னும் சாய்ந்து, முழங்கால் தரையைக் கேட்டுவிட்டு வருவதுபோல இறங்கி, சுண்ணாம்புக் கோட்டை விட்டு விலகாமல் சுற்றினார்.

“இடது வட்டம்.”

பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி பக்கத்தில் உட்கார நேர்ந்ததுபோல வண்டி விறைத்துக்கொண்டது. கோட்டைத் தாண்டி அகன்றது. அகன்று அகன்று கடலைக்காட்டு வரப்புவரை போய்த் திரும்பியது.

ஹெல்மெட்டைக் கழற்றும்போது குழந்தைவேலுவின் முகத்தில் வெற்றி.

“பார்த்தீங்களா? நான் சொன்னா யாரு நம்பறீங்க? இங்க பாருங்க.”

வண்டியின் திரையில் இரண்டு கோடுகள். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தோம் என்று காட்டுபவை. இந்த அப்டேட்டில் புதிதாக வந்த சங்கதி. வலது கோடு நீளமாக இருந்தது. இடது கோடு அதில் பாதிகூட இல்லை.

“வண்டியே ஒத்துக்குதுங்க மிஸ்!”

மிஸ் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“இல்லைன்னா” என்றார் குழந்தைவேலு, அந்தப் பார்வை பிடிக்காமல், “உங்க தரை வாட்டமா இருக்கணும். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்.”

புது வண்டியின் ஹேண்டிலில் திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. மிஸ் அதை அவிழ்த்து, இடது வட்டத்தின் நடுவில் வைத்தார்.

மூவரும் பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பழம் நகரவில்லை.

“காஞ்ச பழம்ங்க. அதான் உருளலை.”

“அப்பா!”

“நீ பேசாத. பழம் வாங்கினதே உங்கம்மா.”

மிஸ் பழத்தை எடுத்து, சுண்ணாம்பைத் துடைத்து, திரும்பக் கட்டினார். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார்.

“பழைய வண்டி இடது பக்கம் திரும்புச்சு. இல்லையா முதலாளி?”

“பிரமாதமாத் திரும்பும்ங்க. ஆதாரம் இருக்கு. டயர் ரெண்டு பக்கமும் ஓரம் வரைக்கும் தேஞ்சிருந்தது. ஓரம் வரைக்கும் சாயாதவன் டயரு ஓரம் வரைக்கும் தேயுமா? க்ரூப்புல போட்டோ போட்டேன். நீங்களும் பார்த்திருப்பீங்க.”

“பார்த்தேன்.”

“எத்தனை பேர் கைதட்டினாங்க!”

“சாரு” என்றார் மிஸ். “பழைய வண்டியோட சீட்டுக்கு அடியில என்ன இருக்கு?”

“ஸ்பேனர். ஆர்சி புக் காப்பி. ஒரு கர்ச்சீப்.” யோசித்தாள். “ஒரு துண்டு உப்புத்தாள்.”

“அதைக் கொண்டுவா.”

“அது ஸ்பார்க் பிளக் தேய்க்கிறதுக்குங்க” என்றார் குழந்தைவேலு. யாரும் கேட்கவில்லை.

சாருமதி கொண்டுவந்தாள். நாலாக மடித்த உப்புத்தாள். மிஸ் பிரித்தார். சொரசொரப்பு முழுக்க அடைந்துபோய்க் கன்னங்கரேலென்று இருந்தது. விரலால் தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோனார். சாருமதியின் மூக்குக்கும் நீட்டினார்.

“டயர் ரப்பர்” என்றாள் சாருமதி.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கடலைக்காட்டைப் பார்த்தார்.

மிஸ் உப்புத்தாளை அழகாக மறுபடி நாலாக மடித்து, குழந்தைவேலுவின் கையில் வைத்தார். புது வண்டியின் திரையைக் காட்டினார்.

“இதையும் தேய்ச்சுட்டு வாங்க.”

பிறகு டிரம்முக்குத் திரும்பிப்போய்க் கொத்தவரங்காயை எடுத்துக்கொண்டார்.

குழந்தைவேலு உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ராகி வைக்கோலு” என்றார் குழந்தைவேலு. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “மலையில ரோட்டு மேல காயப் போட்டிருந்தாங்க. இடது வளைவு. சாஞ்சு வந்தேன். சக்கரம் அப்படியே போயிருச்சு.”

“எப்ப?” என்றாள் சாருமதி.

“போன ஆடியில.”

“ஆடியிலயா? தோள்பட்டையில கட்டு போட்டுட்டு வந்தீங்களே, அப்பவா? ஸ்டாண்டு போடும்போது வண்டி சாஞ்சுருச்சுன்னு சொன்னீங்க.”

“சாஞ்சுதானே போச்சு.”

“அம்மாகிட்டயுமா பொய் சொன்னீங்க?”

“உங்கம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டு நான் மறுபடி வண்டியை எடுக்கிறதா?”

இதற்கு மட்டும் மிஸ் லேசாகத் தலையசைத்தார். கல்யாணமான யாருக்கும் அந்த நியாயம் புரியும்.

“சரிங்க” என்றார் குழந்தைவேலு. முதுகை நிமிர்த்திக்கொண்டார். பத்து ஆட்களை வேலை வாங்குகிறவரின் நிமிர்வு. “ஒத்துக்கறேன். வண்டியில தப்பில்லை. இடது பக்கம் எனக்குத்தான் கொஞ்சம் கை கட்டிக்குது. அது எனக்கும் என் கைக்கும் உள்ள சங்கதி. விழுந்தது நான். வலிச்சது எனக்கு. அதுக்காக என்னை எதுக்குக் கடைசியில போடணும்? இருபது வருஷமா ஓட்டறேன். பின்னாடி வர்றவங்க அவங்கவங்க வண்டியை அவங்கவங்கதானே ஓட்டறாங்க?”

மிஸ் கடைசிக் கொத்தவரங்காயையும் நறுக்கி முடித்தார். செய்தித்தாளின் நான்கு மூலைகளையும் சேர்த்துச் சுருட்டி வைத்தார்.

“சாரு, நீ எப்பவாவது விழுந்திருக்கியா?”

“இல்லை மிஸ்.”

“ஒரு தடவைகூட?”

“சைக்கிள்லகூட விழுந்ததில்லை மிஸ். எங்கப்பாதான் பிடிச்சுட்டு ஓடி வருவாரு.”

“உன் வண்டியை இந்தப் பக்கம் தள்ளிட்டு வா.”

சாருமதி பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அப்பாவுக்கு முன்னால் நிறுத்தினாள். றெக்கை இல்லை. திரையில் கோடுகள் இல்லை. தீபாவளிக்கு மகளுக்குக் கொடுக்கும்போது குழந்தைவேலு அதற்குப் புது டயர் போட்டுத்தான் கொடுத்திருந்தார். பிள்ளை விஷயத்தில் அவர் குறை வைக்கிறவர் இல்லை.

“உக்காருங்க முதலாளி.”

“தரையிலயா?”

“டயர் தரையிலதானே இருக்கு.”

குழந்தைவேலு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, பின் சக்கரத்துக்கு அருகில் உட்கார்ந்தார்.

“வலது ஓரம்” என்றார் மிஸ்.

கை வைத்தார். வலது ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கடைசி விளிம்புவரை.

“நல்லா ஓட்டறாளே!” என்றார் தன்னை மறந்து. அப்பாவின் பெருமை அது, எங்கிருந்தாலும் வந்துவிடும்.

“இடது ஓரம்.”

நகர்ந்து அந்தப் பக்கம் போனார். கை வைத்தார்.

புது டயரில் முடிபோல நீட்டிக்கொண்டிருக்குமே சின்னச் சின்ன ரப்பர் முள், அதெல்லாம் இடது ஓரத்தில் அப்படி அப்படியே இருந்தது. ஒன்றுகூட உதிரவில்லை. கடையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. அவர் விரல் பட்டு அவை மடங்கி, மடங்கி எழுந்தன.

அவர் மறுபடி வலது ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி இடது ஓரத்தை.

“இவ எங்க விழுந்தா?” என்றார் மிஸ்.

குழந்தைவேலு நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலைப்பா” என்றாள் சாருமதி. அவள் குரலில் இப்போது இளிப்பு இல்லை. “இடது வளைவுன்னா அப்படித்தான் போகணும்னு நெனச்சேன். நீங்க அப்படித்தானே போறீங்க? வண்டியை நிமிர்த்தி, நடுக்கோட்டைத் தாண்டி... நான் உங்க தடத்துலதான் வந்தேன்.”

“பஸ் வந்த அன்னிக்குமா?”

“அன்னிக்கும்தான்.”

அவர் டயரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கத் தெரியாதவர்போல.

பஸ்ஸின் பம்பரில் உரசிய கண்ணாடி அவர் தலைக்கு மேலே இருந்தது. அதில் ஒரு கீறல். அதை அவர் பல முறை பார்த்திருக்கிறார். பஸ்காரனைத் திட்டிக்கொண்டே பார்த்திருக்கிறார். இப்போதும் பார்த்தார். கீறல் கண்ணாடியின் நடுவில் போகிறது. அதற்குப் பின்னால் கைப்பிடி. கைப்பிடியில் ஒரு கை இருந்திருக்கும்.

“மிஸ்” என்றார்.

மிஸ் கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார், கையில் கொத்தவரங்காய்ப் பொட்டலத்தோடு.

“மிஸ், ஞாயித்துக்கிழமை நான் கடைசியிலயே வர்றேன். க்ரூப்புக்கு நானே சொல்லிடறேன்.”

“நீங்க பின்னாடி போயிட்டா, இவ யார் பின்னாடி போவா?”

“வேற யாராவது... நல்லா ஓட்டறவங்க...”

“அவங்க பின்னாடி போனா இந்த முள்ளு உதிருமா?”

மிஸ் நின்று அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவர்போல. எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர் அந்த முள்ளை மறுபடி விரலால் மடக்கிப் பார்த்தார்.

மிஸ் உள்ளே போய்விட்டார். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. தாளிக்கும் வாசனையும் வந்தது.

குழந்தைவேலு வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்பாவும் மகளும் மட்டும் நின்றார்கள். கடலைக்காட்டிலிருந்து இரண்டு ஆடுகள் ஓடுதளத்துக்கு ஏறி, சுண்ணாம்புக் கோட்டை முகர்ந்துவிட்டு, அதில் தின்ன ஒன்றும் இல்லை என்று போய்விட்டன.

குழந்தைவேலு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். புது வண்டியில் ஏறினார். கையில் இன்னும் அந்த உப்புத்தாள் இருந்தது. எங்கே வைப்பது என்று பார்த்தார். சட்டைப்பையில் வைக்கப் போனார். வைக்காமல் மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

திரையில் பழைய இரண்டு கோடுகளும் அப்படியே நின்றன. எதையோ அழுத்தினார். இரண்டும் அழிந்தன.

இடது வட்டத்துக்குப் போனார். மெதுவாக. நடந்து போகிறவரும் முந்திவிடுகிற வேகம். வட்டத்தின் வாயில் நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார். ஆயிரம் சிசி வண்டி அவருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டிதானா என்று சொல்ல முடியாது.

சாருமதி கோட்டுக்கு அருகில் வந்து நின்றாள். கைகளைக் கட்டியிருந்தாள். கண்கள் அவருடைய சக்கரத்தில் இருந்தன. மலையில் எப்படி இருக்குமோ அப்படி.

குழந்தைவேலு அதைக் கவனித்தார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார்.

“கண்ணு” என்றார். “கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கறியா?”